மாதா நட்ட முடி

முப்பத்திரண்டு வயதில் ஒரு போட்டோக்காரன் என்னை என் பெண்டாட்டிக்கு அப்பாவாக்கினான். அவன் தலையிலேயே பழியைப் போட்டுவிடலாம் என்று பல நாள் பார்த்தேன். முடியவில்லை. அவன் சொன்னது ஒரே ஒரு பேச்சு. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நான் செய்தது.

1973-ல் ஈஸ்டர் முடிந்த வாரம். கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆயிற்றே என்று நானும் ஃப்ளோராவும் கல்மண்டபத்தில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். வழக்கமான ஆள் இல்லை. புதிதாக வந்தவன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "பெரியவரு நாற்காலியில உக்காருங்க. பொண்ணு அப்பாவுக்குப் பின்னால நின்னுக்கட்டும்" என்றான். ஃப்ளோரா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அந்தப் படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருப்பாள், நான் யாரையோ அடிக்கப் போகிறவன் மாதிரி இருப்பேன்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. முடி முழங்காலைத் தொடும். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் நின்று ஆற்றினால், குழாயடியில் இருக்கும் பெண்கள் குடத்தை வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டு வியாகுலம்மாள், "இத்த வித்தா ஒரு வூடு வாங்கலாம்டீ" என்பாள். எனக்கோ இருபத்தைந்திலேயே முன்மண்டை காலி. காதுக்கு மேலும் பிடரியிலும் மட்டும் கொஞ்சம் மிச்சம். கரிசலாங்கண்ணி போட்டேன், வெங்காயம் தேய்த்தேன். யானைக்கவுனியில் ஒரு ஹக்கீம் கொடுத்த எண்ணெயில் தலையணை உறை பாழானதுதான் மிச்சம்.

நான் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளுக்குக் கோடு போடுகிற வேலை. என்னோடு வேலை பார்த்த தமீம்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தான்.

"மாமு, கீழ்ப்பாக்கத்துல அமெரிக்கா ரிட்டன் டாக்டர் ஒருத்தர் கீறாரு. பின்னால கீற முடியப் புடுங்கி முன்னால நடறாராம். புதுசா ஆரம்பிக்கிறதால மொதல்ல வர்ற நாலஞ்சு பேருக்கு ஃபீஸ் இல்லியாம். தகிரியம் கீற ஆளா தேடிகினு கீறாரு."

"தல்ல நாத்து நடறதா? இன்னா கதைடா வுடறே?" என்று அவனை விரட்டினேன். மறுநாளே கீழ்ப்பாக்கம் பஸ்ஸில் ஏறினேன்.

டாக்டர் பாலகோபால் ஒல்லியான மனிதர். என் தலையை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடரி முடி கடைசிவரை கொட்டாத ஜாதி, அதை வேரோடு எங்கே நட்டாலும் வளரும் என்றார். சொன்னது இன்னும் மூன்று. மூன்றாம் நாள் நெற்றி வீங்கும், கண் மூடிக்கொள்ளும், ஐந்தாம் நாள் தானாக வடிந்துவிடும். மூன்றாவது வாரம் நட்ட முடியெல்லாம் கொட்டிப்போகும், வேர் உள்ளே இருக்கும். மூன்று மாதம் கழித்துத் திரும்ப முளைக்கும். "வீட்ல முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க. இல்லேன்னா பயந்துடுவாங்க" என்றும் சொன்னார்.

நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் ஃப்ளோரா மறுபடி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள் என்று பயம். அவள் சிரித்தால் வியாகுலம்மாள் கேட்பாள், வியாகுலம்மாள் கேட்டால் ராயபுரம் முழுக்கக் கேட்கும். அதனால் தலையில் ஒரு கட்டி இருக்கிறது, சின்ன ஆபரேஷன், ஆபீஸ் மூலமாக ஏற்பாடு ஆகியிருக்கிறது என்றேன். கட்டி என்ற வார்த்தை அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். பார்த்தும், பரவாயில்லை, ஒரு வாரம்தானே என்று நினைத்தேன்.

ஜூலை மாதம் இரண்டாவது வியாழக்கிழமை என்னைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். பிடரியில் வரிசையாக ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார்கள். பென்சில் கனத்துக்கு ஒரு குழல், முனையில் கத்தி. அதை வைத்துத் திருகித் திருகி முடியோடு சதையை எடுத்தார் டாக்டர். எங்கள் கிடங்கில் கோதுமை மூட்டையில் குத்தூசியைச் செருகி உள்ளே இருப்பதை எடுத்துப் பார்ப்பார்கள். அதே வேலைதான், இங்கே மூட்டை என் தலை. வலி இல்லை. கொய்யாக்காய் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் மண்டைக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் மல்லாக்கப் போட்டு, வழுக்கையில் அதே அளவுக்குத் துளைபோட்டு ஒவ்வொன்றாக நட்டார். மொத்தம் அறுபத்திரண்டு என்றார் நர்ஸ். தலைப்பாகை மாதிரி கட்டுப்போட்டு மறுநாள் அனுப்பிவிட்டார்கள்.

ஃப்ளோரா எனக்குக் கஞ்சி ஊட்டினாள். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து, நான் புரண்டு கட்டு நகராமல் பார்த்துக்கொண்டாள். "கட்டி மறுபடி வராதில்லீங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள். வராது என்றேன். அது ஒன்றுதான் நான் சொன்னதில் உண்மை.

மூன்றாம் நாள் டாக்டர் சொன்னபடியே வீங்கியது. நெற்றி புடைத்து, இமை தடித்து, மத்தியானத்துக்குள் இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. வியாகுலம்மாள் வந்து பார்த்து, "யேசுவே, மூஞ்சி பலூன் மாதிரி கீதே" என்று கத்தினாள். "எங்க அந்தோணி மச்சானும் இப்டித்தான் வீங்கினாரு. ரெண்டு நாள் கூடத் தாங்கல" என்றும் சொல்லிவிட்டுப் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அப்புறம் ஃப்ளோரா முட்டி போடும் சத்தம். எங்கள் வீட்டில் மாதா படம் கட்டிலுக்கு நேரே மேலே இருந்தது. ஃப்ளோரா என் கை தொடுகிற தூரத்தில் இருந்தாள்.

"மாதாவே," என்றாள். அழுகையை விழுங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "இவுரு கண்ணைத் தொறக்கணும். வேற ஒண்ணும் கேக்கல. ஏங்கிட்ட ஒனக்குக் குடுக்க வேற இன்னா கீது? என் முடி மொத்தத்தையும் வேளாங்கண்ணிக்கு வந்து குடுத்துர்றேன். இவுர உட்டுரு."

நான் தூங்கவில்லை. கண்தான் மூடியிருந்தது, காது இல்லை. எனக்கு ஒன்றும் ஆகாது, நாளை மறுநாள் வடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்து ஒரு பேச்சு, 'ஏ ஃப்ளோரா, கட்டியுமில்ல ஒண்ணுமில்ல' என்று சொன்னால் போதும். சொல்லவில்லை. தூங்குகிறவன் மாதிரி மூச்சை இழுத்து விட்டேன். எதற்கு அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்கே என் மேல் ஆத்திரமாக வருகிறது. வெட்கம் என்று சொல்லலாம். அவ்வளவு சின்ன வெட்கம்.

ஐந்தாம் நாள் கண் திறந்தது. முதலில் தெரிந்தது அவள் முகம். "மாதா கைவிடல" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆகஸ்டில் பக்கு உதிர்ந்தது, முடியும் கூடவே உதிர்ந்தது. முன்மண்டையில் வட்ட வட்டமாகத் தழும்பு மட்டும் நின்றது; கட்டியை எடுத்த இடம் என்று ஃப்ளோரா நம்பினாள். டாக்டர் சொன்னதுதான் என்று புத்திக்குத் தெரிந்தாலும், மாதா என் திருட்டுத்தனத்தைக் கண்டுபிடித்துவிட்டாள் என்றே பட்டது. தொப்பி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

செப்டம்பரில் வேளாங்கண்ணித் திருவிழாவில் முடி கொடுக்க ஃப்ளோரா நாள் குறித்தாள். "கட்டாயம் மொத்தமும் குடுக்கணுமா? நாலு வெரல் வெட்டிக் குடுத்தா ஆவாதா?" என்றேன். "குடுத்த வார்த்தைய அளந்து வெட்டுவாங்களா?" என்று என்னைக் கேட்டாள். கடைசியில், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பங்குச் சாமியார் வயதானவர். கூண்டுக்குள் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார்.

"தப்பான சேதிய நம்பிப் பண்ணின பொருத்தனை அந்தப் பொண்ணைக் கட்டாது" என்றார். "அவ முடி குடுக்கத் தேவையில்ல. ஆனா உண்மை தெரிஞ்சாத்தானே அவ நிறுத்துவா? நேரா வீட்டுக்குப் போ. சொல்லு. அதுதான் உனக்கு நான் குடுக்கிற தண்டனை."

நான் நேராகப் போனது மாதா பீடத்துக்கு. ஜெபமாலையின் ஐம்பத்துமூன்று மணியையும் மூன்று தடவை உருட்டினேன். அவர் கொடுக்காத தண்டனையை நானே எனக்குக் கொடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன். செய்ய வேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்கிறவன் நான்.

செப்டம்பர் ஆறாம் தேதி எழும்பூரில் ரயில் ஏறி மறுநாள் வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்தோம். வழி நெடுகச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். விழுப்புரத்தில் டீ வந்தது, சிதம்பரத்தில் விடிந்தது, நாகப்பட்டினத்தில் இறங்கி மாறிய பஸ்ஸில் கூட்டம் ஏறியது. மொட்டை போடும் கொட்டகையில் நாங்கள் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தது. ஃப்ளோரா பலகையில் உட்கார்ந்து கொண்டை ஊசிகளை எடுத்து என் கையில் கொடுத்தாள். முடி அவிழ்ந்து மணலில் விழுந்தது. பக்கத்துப் பலகையில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நாவிதர் தண்ணீரைத் தெளித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஐயாவும் உக்காருங்களேன், ஜோடியா எடுத்துடலாம்."

"அவுருக்கு வாணாங்க" என்றாள் ஃப்ளோரா அவசரமாக. "அவுரு தல்ல ஆபரேசன் ஆயிருக்குது. கத்தி படக் கூடாது."

கத்தி அவள் நடுநெற்றியில் இறங்கியது. சொல்லு, சொல்லு என்று எனக்குள்ளே யாரோ அடித்துக்கொண்டார்கள். வாய் திறந்தது. "மெதுவா எடுங்க" என்று சொன்னது. அவ்வளவுதான் வந்தது. நாவிதர் முடியை ஒரு முடிச்சாகக் கட்டி மூலையில் கிடந்த குவியல்மேல் எறிந்தார். கடலில் குளித்துவிட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு வந்தவளை எனக்கு ஒரு நிமிஷம் அடையாளம் தெரியவில்லை. என் கையில் அவளுடைய கொண்டை ஊசிகள் இன்னும் இருந்தன. "இனிமே அது எதுக்கு?" என்று சிரித்தாள்.

அக்டோபர் நடுவில் முளைக்க ஆரம்பித்தது. ஆபரேஷன் ஆன தலையில் காற்றுப் படக் கூடாது என்று சொல்லி, வீட்டிலும் நான் தொப்பியைக் கழற்றாமலே இருந்தேன். நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். சாயங்காலம் காசிமேட்டுக் கல்லறையில் என் அம்மாவுக்கு மெழுகுவர்த்தி வைக்கக் குனிந்தேன். அங்கே தொப்பி போட்டுக்கொண்டு நிற்க முடியாது. ஃப்ளோரா இன்னொரு மெழுகுவர்த்தியோடு பக்கத்தில் நின்றவள், அதை என் தலைக்கு மேலே கொண்டுவந்தாள்.

"இன்னாங்க... முடி!"

விரலால் தடவிப் பார்த்தாள். வழுக்கையில் குத்துக் குத்தாக, வரிசை பிடித்து, அரிசி உயரத்துக்குக் கறுப்பு முடி. கல்லறை என்றும் பார்க்காமல் அழுதாள். "நான் கண்ணைத்தானே கேட்டேன். மாதா முடியும் சேத்துக் குடுத்துட்டா. என் முடிய வாங்கிகினு ஒங்களுக்குக் குடுத்துட்டாங்க!"

அதற்கப்புறம் என் தலை என்னுடையதாக இல்லை. வியாகுலம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்த்து, "கோடு போட்டா மாதிரி நட்டுகீறா பாரு. மாதா கைவேல சுத்தம்" என்று தீர்ப்புச் சொன்னாள். எங்கள் லைன் வீடுகளில் இருந்த பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து என் தலையைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் குனிந்து கொடுத்தேன். மொட்டைத் தலையில் முக்காட்டோடு ஃப்ளோரா பக்கத்தில் பூரித்து நின்றாள். ஒவ்வொரு கை படும்போதும் எனக்குக் கூசியது.

சனிக்கிழமை கோயிலில் மாதா நவநாள் ஜெபத்தில் எல்லோர் முன்னும் எழுந்து இந்த அற்புதத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்று ஃப்ளோரா தீர்மானித்தாள். சாமியாரிடம் அனுமதி கேட்க என்னையும் கூட்டிப்போனாள். அவள் சொல்லச் சொல்ல அவர் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் உயிர் போனாலும் வெளியே விடக் கூடாது.

"நீ சொல்றது இருக்கட்டும்மா" என்றார் கடைசியில். "உன் புருஷன் என்ன சொல்றாரு? முதல்ல அவரைக் கேளு. அவர் சரின்னா நீ சொல்லு." என் பக்கம் திரும்பாமலே உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை நாலு மணிக்கு அவள் கல்யாணப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். கண்ணாடி முன் நின்று, சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பெண்கள் எல்லோரும் வாசலில் காத்திருந்தார்கள். இவள் மாதா பேரால் நூறு பேர் முன்னால் பொய் சொல்லப் போகிறாள், அது பொய் என்று தெரியாமலே. அந்தப் பாவத்தையும் அவள் தலையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. கதவைச் சாத்தினேன்.

நின்றபடியே சொன்னேன். போட்டோக்காரன், தமீம், கீழ்ப்பாக்கம், பிடரி, அறுபத்திரண்டு. அவள் வந்து என்னைத் திருப்பி, பிடரி முடியை விலக்கிப் பார்த்தாள். அங்கே தழும்பு இருந்தது, வட்ட வட்டமாக.

கட்டிலில் உட்கார்ந்தாள். சிரிக்கவில்லை. நான் பயந்தது அந்தச் சிரிப்புக்குத்தான். இப்போது அது வராதா என்றிருந்தது. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னிக்கு நான் முட்டி போட்டு மாதாவக் கேட்டப்போ, நீங்க தூங்கிகினுதானே இருந்தீங்க?"

ஆமாம் என்றால் முடிந்துவிடும். அவளும் ஆமாம் என்ற பதிலைத்தான் கேட்டாள், முகத்தில் தெரிந்தது.

"இல்ல" என்றேன். "முழிச்சிகினுதான் இருந்தேன். எல்லாம் கேட்டுச்சு."

"கேட்டுகினு சும்மா கெடந்தியா நீ?"

ஐந்து வருஷத்தில் அவள் என்னை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். சாட்சி சொல்லவில்லை. தொண்டை சரியில்லை என்றாளாம். வியாகுலம்மாள்தான் வந்து சொன்னாள்.

மறுநாள் காலை பூசைக்கு முன்னால் நான் மாரியப்பன் சலூனுக்குப் போய் உட்கார்ந்தேன். "மொத்தமா எட்த்துரு, ஒண்ணு கூட இருக்கக் கூடாது" என்றேன். அவள் இழந்ததை நானும் இழந்தால் சரியாகிவிடும் என்று எனக்கு ஒரு கணக்கு. மாரியப்பன் துணியைக் கட்டி, தண்ணீர் தடவி, கத்தியைத் தீட்டினான். அப்போது கடைக்குள் இருந்தவர்கள் வாசல் பக்கம் திரும்பினார்கள். பூசைக்குக் கிளம்பிய ஃப்ளோரா, வழியில் என்னைப் பார்த்துவிட்டு அங்கே நின்றாள். ஆம்பிளைகள் சிரைக்கிற கடை, எந்தப் பெண்ணும் அந்தப் படி ஏறினதில்லை. அவள் ஏறினாள். முக்காடு இல்லை. இரண்டு மாத முடி தலையில் முள்ளு முள்ளாக நின்றது.

"கத்தியக் கீழ வைங்கண்ணே" என்றாள்.

"இல்ல ஃப்ளோரா, எட்த்துர்றேன். எனக்கு இது வாணாம்" என்றேன். கண்ணாடியில் அவளையும் என்னையும் சேர்த்துப் பார்த்தேன். அந்தப் போட்டோவுக்கு அப்புறம் நாங்கள் ஒரே சட்டத்துக்குள் வந்தது அப்போதுதான்.

"ஒனக்கு வாணாம்னா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "ஒன்ன யாரு கேட்டா? அது என் முடி. அதுல கைவெக்க நீ யாரு?"

மாரியப்பன் கத்தியை மடித்தான். துணியை அவிழ்த்தான். அவள் முன்னால் நடந்தாள், நான் ஈரத் தலையோடு பின்னால் போனேன். கோயில் வாசலில் பெண்கள் எல்லோரும் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்கள். அவள் போட்டுக்கொள்ளவில்லை. அப்படியே உள்ளே போய் முதல் வரிசையில் முட்டி போட்டாள்.